தடை போடாத ஊர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் நானும் என் கணவரும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறோம். ஜெராக்ஸ், பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவது, கலெக்டர் ஆபீஸுக்கு மனு அடித்துக் கொடுப்பது, இவைதான் எங்களுக்குச் சோறு போடுகிற வேலைகள். மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகு ஜனங்களுக்கு மனு ஜாஸ்தி, எங்களுக்கு டீ குடிக்கிற நேரம் கம்மி. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கூட்டம் வடிந்ததும் உள்ளறையில் வேறு கதை நடக்கும். கல்லூரி மாணவர்கள், செல்போன் ரிப்பேர் பார்க்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் என்று ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விளையாடுவார்கள். நானும் விளையாடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் “பொம்பள கேம் ஆடுது பாரு” என்று கதவோரம் எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. கார் பந்தயத்தில் அவர்களில் நாலு பேரை மண்ணைக் கவ்வ வைத்த பிறகு எட்டிப் பார்ப்பது நின்றுவிட்டது.

நான் சொல்ல வந்தது கார் பந்தயம் அல்ல. அந்தச் சமயத்தில் எங்கள் சென்டர் முழுக்க ஒரே ஒரு விளையாட்டின் மேல் பைத்தியமாக இருந்தது. மூச்சு விடத் தகுந்த காற்று இல்லாத ஒரு தரிசுக் கிரகம். அதில் கண்ணாடிக் கூண்டுகள் கட்டி ஊர் அமைக்க வேண்டும். மேல் கூண்டில் தலைவரும் பொறியாளர்களும் இருப்பார்கள். நடுக் கூண்டில் வைத்தியர்களும் வாத்தியார்களும். கீழ்க் கூண்டில் சுரங்கம் தோண்டுகிற, பயிர் பார்க்கிற கூலி ஜனம். காற்று, தண்ணீர், சோறு எல்லாம் அளவுதான். பூமியிலிருந்து கப்பல் வந்து சேரும்வரை ஊர் உயிரோடு நின்றால் நாம் ஜெயித்தோம்.

அதில் ஜனத்தொகைக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு கூண்டுக்கும் மூன்று பொத்தான்கள். ‘பெருக்கு’ என்பதை அமுக்கினால் அந்தக் கூண்டுப் பெண்கள் பிள்ளை பெற்றே ஆக வேண்டும். ‘விடு’ என்றால் அவரவர் இஷ்டம். ‘தடை’ என்றால் யாரும் பெற முடியாது, குடிக்கிற தண்ணீரிலேயே மருந்தைக் கலந்துவிடுவார்கள். எங்கள் பையன்கள் தமிழில் வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. தடையை அமுக்கினால் திரையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு பெண் பொம்மை வெளிறும், சோற்றுக் கணக்கு பச்சையாக மாறும். கொஞ்ச நேரம் அந்தக் கூண்டு ஜனத்தின் முகங்கள் சிவந்திருக்கும். அமைதி மாத்திரை என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தால் முகங்களும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அழுகை கிடையாது, சத்தம் கிடையாது. ஒரு தடவை மவுஸைத் தட்டுகிற நேரம், அவ்வளவுதான்.

சென்டரில் எல்லாரும் ஊரைத் தொடங்கிய கையோடு கீழ்க் கூண்டுக்குத் தடை போட்டுவிடுவார்கள். சுரங்கத்துக்கு ஆள் போதவில்லை என்றால் அதே கூண்டுக்குப் பெருக்கு போடுவார்கள். போதும் என்றானதும் மறுபடி தடை. மேல் கூண்டுக்கு ஒருவர்கூடத் தடை போட்டு நான் பார்த்ததில்லை. அங்கேதானே அவரவர் தலைவர் பொம்மை குடியிருக்கிறது! ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

இந்த விளையாட்டில் எங்கள் சென்டரின் ராஜா என் கணவரின் தம்பி. அவர் லோடு வண்டி ஓட்டுகிறார். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் போய் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து ஜவ்வரிசி ஆலையில் இறக்குவார். சில நாள் உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அடுத்த லோடுக்காகக் காத்திருப்பார். அந்த நேரமெல்லாம் செல்போனில் இந்த விளையாட்டின் நுணுக்கங்களைப் பார்ப்பதற்கே சரியாகப் போகும். அவர் ஊர் ஒருநாளும் விழுந்ததில்லை. என் ஊரோ கப்பல் வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் பட்டினியில் படுத்துவிடும். “அண்ணி கார் ஓட்டத்தான் லாயக்கு” என்று சிரிப்பார். நானும் சிரித்துக்கொள்வேன், ஆனால் காது சூடாகும். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும்.

நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே உலை. மாமியார், நாங்கள் இருவர், எங்கள் பிள்ளைகள், கொழுந்தனார், அவர் மனைவி, அவர்களுடைய சின்னப் பெண். கொழுந்தனாரின் மனைவி எனக்கு ஓரகத்தி. அதிகம் பேச மாட்டாள். பேசினால் தேங்காய் உடைத்த மாதிரி இருக்கும். அப்போது அவளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில், எட்டாவது மாதம்.

ஒருநாள் காலையில் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, “பொறந்த கையோட ஆப்பரேஷனையும் பண்ணிடலாம், ரெண்டு போதும்” என்றார். அரிசி தீர்ந்துவிட்டது, வாங்கி வந்துவிடலாம் என்கிற குரலில்தான் சொன்னார். கொழுந்தனார் தலையை ஆட்டினார். என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஓரகத்தி மட்டும் எழுந்து பின்பக்கம் போனாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“எனக்கு வேணாங்க்கா” என்றாள் குழாயடியில்.

“இன்னா வேணாம்?”

“ஆப்பரேஷன்.”

“ஏம்மா? இன்னொண்ணு பெத்துக்கலாம்னு இருக்கியா?”

“தெரியல. பெத்துக்காமயும் போவலாம். ஆனா இப்ப பண்ணிக்க மாட்டேன். அவ்ளோதான்.”

“சொம்மா வேணாம்னா எப்படிம்மா? எதுனா காரணம் இருக்கணும் இல்ல?”

அவள் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “பண்ணிக்கிறேன்னு சொல்லியிருந்தா ஒருத்தராவது காரணம் கேட்டிருப்பீங்களாக்கா?”

எனக்கே இரண்டாவது பிரசவத்தோடு ஆப்பரேஷன் ஆகிவிட்டது. அது கெட்டது என்று நான் என்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டு போதும், கேட்டிருந்தால் நானே சந்தோஷமாகச் சரி என்றிருப்பேன். ஆனால் கேட்கவில்லை. வீட்டில் பேசி முடித்து, காட்டிய இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசையில்லைதான். சரி என்று சொல்லவாவது ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கலாம் இல்லையா? இத்தனை வருடமாக உள்ளே ஏதோ முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது இதுதான் என்று அந்தக் குழாயடியில்தான் எனக்கே தெரிந்தது. பாவி, எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள்!

ராத்திரி வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

“தம்பி, ஆப்பரேஷன் பத்தி உன் பொண்டாட்டிய கேட்டியா?”

“இதுல கேக்க இன்னா இருக்குது அண்ணி?”

“அவளுக்கு இப்ப வேணாமாம்.”

மாமியார் சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தார். “உன்ன யாருடி இவளுக்கு வக்காலத்து வாங்கச் சொன்னது? அவ வாயில இன்னா கொழுக்கட்டையா?”

“வாய் இருக்குது அத்த. கேக்கத்தான் யாருக்கும் காது இல்ல.”

கொழுந்தனார் சிரித்துக்கொண்டே தன் விளையாட்டு ஞானத்தை எடுத்துவிட்டார். “அண்ணி, இது சிம்பிள். இருக்கறது கம்மி, ஆளு ஜாஸ்தி. எங்கயாச்சும் தடை போட்டாதான் ஊரு நிக்கும். கேம்ல பாக்கறீங்க இல்ல?”

“மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லித்தானே உங்க அம்மா உங்கள வரிசையா பெத்து வளத்தாங்க?”

“அந்தக் காலம் பூட்டுது அண்ணி. இப்ப மரம் வச்சவனுக்கே மோட்டார் ஓடல, கரண்டு கட்டு!”

என் கணவர்கூடச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “சரி தம்பி. ஊரு நிக்கணும், தடை போட்டே ஆவணும். அப்படின்னா நீ போய் பண்ணிக்க. ஆம்பளைக்கும் ஆப்பரேஷன் இருக்குது. சின்ன வேல, அன்னிக்கே வூட்டுக்கு வந்துடலாம்.”

வீட்டுக்குள் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார். “அடிப்பாவி! மூட்ட தூக்கற புள்ளடி அவன். ஒடம்பு தளந்து பூடும்டி.”

“நாங்க மட்டும் பஞ்சு மூட்டையா தூக்கறோம் அத்த? கெழங்கு புடுங்கறது யாரு, தண்ணி சொமக்கறது யாரு? அதெல்லாம் தளராது, வேணும்னா டாக்டர கேப்போம்.”

கொழுந்தனார் முகம் சுருங்கிவிட்டது. அவர் விளையாட்டிலும் அப்படித்தான். தடைப் பொத்தானில் பெண் பொம்மை மட்டும்தான் உண்டு, ஆண் பொம்மையே கிடையாது. அதை யாரும் இதுவரை கவனித்ததுகூட இல்லை. அவர் ரோஷமாக நிமிர்ந்தார்.

“இவ்ளோ பேசறீங்களே, எந்தக் கூண்டுக்கும் தடை போடாம, பெருக்கும் போடாம, ஒரே ஒரு தடவ ஊர நிக்க வச்சிக் காட்டுங்க பாக்கலாம். வர்ற ஞாயித்துக்கெழம சென்டர்ல, எல்லாரு முன்னாடியும். நீங்க ஜெயிச்சிட்டா ஆப்பரேஷன் பேச்சையே எடுக்க மாட்டேன். தோத்துட்டா நீங்களும் எடுக்கக் கூடாது.”

“போட்டுக்க” என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. என் கணவரைப் பார்த்தேன். அவர் மதில் மேல் பூனை. மோரை ஊற்றிக்கொண்டு குனிந்துவிட்டார்.

ஓரகத்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அடுப்பங்கரையில் பாத்திரங்கள் டமார் டுமீர் என்று விழுந்தன. நான் போனதும் திரும்பினாள். கண் நிறையத் தண்ணீர், ஆனால் குரல் நடுங்கவில்லை.

“என் வவுத்த வச்சி பந்தயமா? அவுரு கட்டுனாருன்னா சரி, அவுரு புத்தி அவ்ளோதான். நீங்களுமாக்கா?”

அப்போது எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை. இவளுக்காகப் பேசுகிறேன் என்று போய், இவளைக் கேட்காமலே இவளைப் பணயம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். “வேணாம்மா. போய் இல்லன்னு சொல்லிட்றேன்” என்றேன்.

“ஏன் சொல்லணும்? வெளயாடுங்க. நல்லா வெளயாடி அவுரு மூக்க ஒடச்சிட்டு வாங்க, எனக்கும் பாக்க ஆசையாத்தான் இருக்குது” என்று மூக்கைச் சிந்தினாள். “ஆனா ஒண்ணு. நீங்க தோத்தாலும் என் பதிலு மாறாது. ஜெயிச்சாலும் அதனால இல்ல. அத மட்டும் மனசுல வச்சிக்கோங்க.”

அந்த வாரம் முழுக்க மனு அடிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தத் தரிசுக் கிரகத்தில்தான் இருந்தேன். தடை போடாமல் எத்தனை தடவை ஆடினாலும் ஊர் நடுவிலேயே படுத்துவிட்டது. விளையாட்டை உருவாக்கினவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பொத்தானை எவ்வளவு வழவழப்பாகச் செய்து, எவ்வளவு கைக்கெட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள்! மற்ற வழிகளையெல்லாம் ஏழெட்டுப் பக்கம் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். கை எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தானே மனுஷன் அமுக்குவான்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறையில் எள் போட்டால் எள் விழாது. டீக்கடைக்காரர்கூடக் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஓரகத்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, அவித்த கிழங்கைச் சாப்பிட்டபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கொழுந்தனார் அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று கூண்டுக்கும் ‘விடு’ போட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

முதல் அறுவடை வந்ததும் என் கை தானாக ஒரு வேலை செய்தது. நான் மானாவாரி நிலத்துக் குடும்பத்தில் பிறந்தவள். விளைந்தது வீட்டுக்கு வந்தால் முதலில் விதைக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை உலைக்குக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில், விளைச்சலில் பெரும்பங்கை விதைக் கிடங்கில் போட்டுப் பூட்டினேன். பின்னாலிருந்து சிரிப்பு. “அண்ணி, அதுல விதைன்னு தனியா போட்டா யாரும் துண்ண முடியாது. வேஸ்ட்டு” என்றான் ஒருவன். எனக்கு மனசு வரவில்லை. அடுத்த அறுவடையிலும் அதையே செய்தேன். கீழ்க் கூண்டில் பிள்ளைகள் பிறந்தன. முகங்கள் சிவந்தன. வயிற்றைக் கட்டி விதையைச் சேர்த்த என் புத்தியால் ஊரே பசியில் தவித்தது. எங்கள் ஊர்க்காரி தவிர வேறு எவளும் செய்திருக்க மாட்டாள் அந்தத் தப்பை.

“முடிஞ்சிது” என்றார் கொழுந்தனார். “இப்ப கீழ்க் கூண்டுக்கு மட்டும் தடை போடுங்க, தப்பிச்சிக்கலாம். போட்டா நான் ஜெயிச்சேன், போடலன்னாலும் நான்தான்.”

விளையாட்டும் அதையே சொன்னது. திரையின் ஓரத்தில் அந்தப் பொத்தான் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. என் விரல் அதன் மேல் போய் நின்றது உண்மை. ஒரு தட்டு, சோறு பச்சையாகிவிடும். பக்கத்தில் கிழங்கு மெல்லுகிற சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கீழ்க் கூண்டில் கூலிக்காரிகளின் பொம்மைகள் குனிந்து குனிந்து எதையோ பறித்துக்கொண்டிருந்தன. மேல் கூண்டில் பொறியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தார்கள்!

எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் பக்கம் கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாத சின்னக் குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளும். இன்றைக்கு உங்கள் கொல்லையில் நாங்கள் களை எடுப்போம், நாளைக்கு எங்கள் கொல்லையில் நீங்கள். வாத்தியார் வீடானாலும் முறை முறைதான். நான் உள்ளே உள்ளே போய், வேலைப் பங்கீட்டுப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். பொறியாளர்களைப் பயிருக்கு அனுப்பவா என்று விளையாட்டு ஒரு தடவை கேட்டது. நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. தடை போடும்போது ஒரு தடவைகூட அப்படிக் கேட்காத விளையாட்டு!

“நிச்சயமாத்தான்டா” என்று திரையைப் பார்த்தே கத்தினேன். அறை முழுக்கச் சிரிப்பு.

மேல் கூண்டின் முகங்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்தன. சிவக்கட்டும், வேலை செய்தால் வேர்க்கத்தான் செய்யும். மூன்று கூண்டும் முறை வைத்து இறங்கியதும் அறுவடை சீக்கிரம் முடிந்தது. மறு நடவும் சீக்கிரம் ஆனது. கஞ்சி கஞ்சியாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே கஞ்சி. கீழ்க் கூண்டின் சிவப்பு மெதுவாக இறங்கியது. அமைதி மாத்திரை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அப்புறம் புழுதிப் புயல் வந்தது. அது எல்லார் ஊருக்கும் வரும். பயிர் மொத்தமும் கருகிவிடும். வழக்கமாக அந்த நேரத்தில் கொழுந்தனார் இன்னும் இரண்டு தடை போட்டு, ஜனத்தைக் குறைத்து, இருக்கிற கையிருப்பை வைத்து ஒப்பேற்றிவிடுவார். என்னிடம் கையிருப்புச் சோறு இல்லை. ஆனால் பூட்டு போட்ட விதை இருந்தது. அப்போது சிரித்தவர்கள் ஒருவரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. புயல் ஓய்ந்த கையோடு கிடங்கைத் திறந்து மூன்று கூண்டிலும் நட்டுவிட்டேன்.

நட்டாயிற்று, ஆனால் காற்று இயந்திரம் புழுதியில் அடைத்துக்கொண்டது. ரிப்பேருக்கு ஆள் வேண்டும், எல்லாரும் வயலில். போச்சுடா என்று நான் தலையில் கை வைத்தபோது திரையில் கீழ்க் கூண்டிலிருந்து புதிதாகச் சின்னச் சின்ன பொம்மைகள் வரிசையாக ஏணியில் ஏறின. நான் தடை போடாததால் பிறந்த பிள்ளைகள்! வளர்ந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் போய் இயந்திரத்தைத் துடைத்தார்கள். பெருக்கு போட்டுப் பெற்றவர்கள் நேரே சுரங்கத்துக்குத்தான் போவார்கள்; இப்படி இஷ்டப்படி பிறந்து வளர்ந்த பிள்ளைகளை இத்தனை நாள் இந்த விளையாட்டை ஆடிய ஒருவரும் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பார்கள், பிறக்க விட்டால்தானே?

நட்ட விதை விளைந்தது, கப்பலும் வந்தது. ‘ஊர் நிலைத்தது’ என்று அர்த்தம் வருகிற எழுத்துகள் திரை முழுக்க மின்னின. அந்தச் சின்ன அறையில் எழுந்த கூச்சலில் வெளியே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் சண்டை என்று நினைத்து ஓடி வந்துவிட்டார். டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மதில் மேல் பூனையாக இருந்த என் கணவர் ஒரேயடியாக என் பக்கம் குதித்து, “யாரு பொண்டாட்டி!” என்று கத்தினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பரீட்சையில் பாஸானபோதுகூட அனுபவித்ததில்லை.

“ஸ்கோர் கம்மிதான்” என்றார் கொழுந்தனார். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்தவர். எல்லாரும் பார்க்க மனைவியிடம் திரும்பி, பெரிய மனசு பண்ணுகிற குரலில், “சரி, அண்ணி ஜெயிச்சிட்டாங்க. உனக்கு ஆப்பரேஷன் இல்ல” என்றார்.

ஓரகத்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். கூச்சல் அடங்கியது.

“நீங்க தோத்ததால இல்லைங்க” என்றாள். “நான் சொன்னதால.”

தோற்றபோதுகூடக் கொழுந்தனார் முகம் அப்படிச் சிறுத்துப் போகவில்லை. பிறகு தணிந்த குரலில், “சரி. இன்னா வேணும் உனக்கு? சொல்லு” என்று கேட்டார். கல்யாணமாகி அவர் அவளிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மொதல்ல வூட்டுக்குப் போவணும். முதுகு பிச்சிக்கினு போவுது” என்றாள் அவள். அவர் ஓடிப் போய் ஷேர் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒரு விளையாட்டில் ஜெயித்துவிட்டதால் உலகத்தில் சோறு பெருகிவிடாது. அது எனக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே பெற்றுப் பெற்று ஓய்ந்துபோனவர்கள் இருக்கிறார்கள். ஆப்பரேஷன் செய்துகொண்டு அப்பாடா என்று நிமிர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வேண்டும் என்கிறவளுக்கு அது பெரிய விடுதலை. நான் சண்டை போட்டது ஆப்பரேஷனோடு அல்ல. பொத்தானை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதோடுதான். இதை எங்கள் வீட்டில் எல்லாரும் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்து அடுத்த சில வாரங்கள் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். புடவைக்குக் காலர் இல்லை, ஆனாலும் திரிந்தேன்.

பிரசவ வலி வந்தது ஒரு விடியற்காலையில். வண்டியில் இருந்த கிழங்கு லோடை அப்படியே விட்டுவிட்டுக் கொழுந்தனார் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறுவதற்குள் சுகப்பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். குழந்தை பிறந்ததும் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு ஏற்ற குரல்தான்.

மறுநாள் நர்ஸம்மா வார்டு வாசலுக்கு வந்து, “ரெண்டாவது கொழந்த இல்ல? ஆப்பரேஷன் பண்ணிக்கறீங்களா?” என்று பொதுவாகக் கேட்டார். நான் ஓரகத்திக்காகப் பேசத் தயாராக மூச்சை இழுத்தேன். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

“வேணாம் சிஸ்டர்!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, மாமியார் இந்த அளவுக்கு மாறிவிட்டாரா என்று அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

“ரெண்டும் பொண்ணாப் பூட்டுது. அடுத்தது பையன் பொறந்த பின்னாடி பண்ணிக்கலாம்” என்று முடித்தார் மாமியார்.

பிடிக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கீரை உருவும்போது தடை போட்ட அதே கை, இப்போது பெருக்கு போடுகிறது. அவள் சொன்னதும் ‘வேணாம்’தான், இவர் சொன்னதும் ‘வேணாம்’தான். ஆனால் அவளுடைய வேணாமை இவர் பிடுங்கித் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். நர்ஸம்மா சரி என்று தலையாட்டிக்கொண்டு திரும்பினார்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்றார் கொழுந்தனார். இரண்டு நாளாகத் தூங்காத கண், கசங்கின சட்டை. பையன் வேண்டும் என்று அவருக்கும் ஆசை உண்டு, எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னார். “எங்க அம்மாவ கேக்காதீங்க. என்னயும் கேக்காதீங்க. உள்ள முழிச்சிக்கினுதான் இருக்கா. அவள கேளுங்க.”

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. ஓரகத்தியின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது, களைப்பான குரல், ஆனால் தெளிவு.

“இப்ப வேணாம் சிஸ்டர். அத்த சொன்ன மாதிரி பையனுக்காவ இல்ல. அடுத்தது உண்டா, இல்லையா, எப்பன்னும் நான்தான் சொல்வேன். அது வரைக்கும் இன்னா வழி இருக்குதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

“சரிம்மா. சாயந்தரம் வந்து வெவரமா சொல்றேன்” என்றார் நர்ஸம்மா.

எனக்கு அந்த வராந்தாவிலேயே விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. கொழுந்தனார் சுவரில் சாய்ந்துகொண்டு, லோடு இறக்கிய ஆள் மாதிரி நீளமாக மூச்சு விட்டார். மாமியார் கதவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“இன்னாடி இது? அவ சொன்னா அவ்ளோதானா?”

“அவ்ளோதாங்க அத்த” என்றேன்.